தொங்கும் ஊசியிலை மரம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

கிளை தொங்கும் ஊசியிலை மரங்களில் வாட்டத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம். நன்றாக இருக்கும்போதும் தொங்கும், சாகக் கிடக்கும்போதும் தொங்கும். போதாததற்கு, வேர் செத்த பிறகும் ஊசிகள் பல வாரம் பச்சையாகவே இருக்கும். இன்று தெரியும் பழுப்புக்குக் காரணம் பெரும்பாலும் போன பருவத்தில் நடந்த ஏதோ ஒன்று. அதனால் நேற்று அடித்த மருந்தையோ நேற்றைய வெயிலையோ குற்றம் சொல்வதில் பயனில்லை.

தோட்டத்தில் தனித்து நிற்கும் அழகு மரமாக வைக்கப்படும் தொங்கும் நூட்கா சைப்ரஸ், நார்வே ஸ்ப்ரூஸ், வெள்ளை ஸ்ப்ரூஸ், செர்பிய ஸ்ப்ரூஸ், நீல அட்லஸ் சீடர், ஹெம்லாக், வெள்ளை பைன் ஆகியவற்றுக்கு இந்த வழிமுறை பொருந்தும். லார்ச் தொங்கு ரகங்கள் இதில் சேராது. அவை குளிர்காலத்தில் மொத்தமாக ஊசி உதிர்த்து மொட்டையாக நிற்பது இயல்பு. வாங்கியது லார்ச் என்பது தெரியாமல், செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

மண்வெட்டிக் கரண்டி, கூரான கத்தி, வெள்ளைத் தாள், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். இவை போதும்.

1. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி 15 செ.மீ. ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். பிறகு தண்டை ஒட்டி, வேர்க்கட்டிக்குள்ளேயே (நடும்போது வேரோடு சேர்ந்து வந்த மண்) அதே ஆழத்தில் பாருங்கள். இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும் என்று இல்லை. அந்த வித்தியாசமே பல நேரம் விடை.
2. அடித்தண்டைச் சுற்றியுள்ள மூடாக்கையும் மண்ணையும் விலக்குங்கள். தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கினால் மரம் ஆழமாக நடப்பட்டிருக்கிறது.
3. கட்டுகள் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். நர்சரியில் கட்டிய நாடா, ரகப் பெயர்ச்சீட்டின் கம்பி, முட்டுக்கோலின் கயிறு என்று எதையும் விடாதீர்கள்.
4. பழுப்பான கிளையில் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். அடியில் ஈரப் பச்சை இருந்தால் கிளை உயிரோடு இருக்கிறது. ஒரு மொட்டை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் அடுத்த துளிர் வரும்.

இந்த நான்கும் முடியும் வரை தெளிப்பானைத் தொடாதீர்கள். பூச்சி, பூஞ்சணம் என்று சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பங்கு தரைமட்டத்திலோ ஒரு கட்டிலோ முடிந்துவிடும்.

## உள்பக்க ஊசிகள் மட்டும் மஞ்சளாகி உதிர்கின்றன

கிளையின் நுனி பச்சையாக, தண்டை ஒட்டிய பழைய ஊசிகள் மட்டும், மரத்தின் எல்லாப் பக்கமும் ஒரே சீராக மஞ்சளானால் அது மூப்பு உதிர்வு. வெள்ளை பைன் இரண்டு மூன்று வருட ஊசிகளைத்தான் வைத்திருக்கும் என்பதால் இலையுதிர் காலத்தில் அதில் பாதி மரம் மஞ்சளாகத் தோன்றும். நூட்கா சைப்ரஸில் ஊசிகளுக்குப் பதிலாக உள்பக்கச் சிறு இலைக்கிளைகளே துருநிறமாகித் தொங்கும். சீடர் வகைகள் வசந்தத்தில் புதுத்துளிரோடு பழைய ஊசிகளைக் கொட்டும். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கையால் உதிர்த்துவிட்டால் உள்ளே காற்றோட்டம் கிடைக்கும்.

ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்தாலோ, நுனியிலிருந்து உள்நோக்கிப் பழுத்தாலோ இது மூப்பு அல்ல. கீழே உரிய தலைப்புக்குப் போங்கள்.

## மரம் முழுவதும் நிறம் மங்குகிறது, பளபளப்பு இல்லை

பச்சை சாம்பலாகவும், நீலம் அழுக்கு நிறமாகவும் மாறுவது முதல் எச்சரிக்கை. மேலே சொன்ன ஈரச் சோதனையை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

### இரண்டு இடத்திலும் மண் காய்ந்திருந்தால்

நட்டு இரண்டு மூன்று வருடம் ஆகாத மரத்துக்குத் தண்ணீர் போதவில்லை. தினமும் மேலாகத் தெளிப்பது மூடாக்கை மட்டுமே நனைக்கும். குழாயைச் சிறுசிறு ஒழுக்காகத் திறந்து அடித்தண்டின் அருகே வையுங்கள். 20 முதல் 25 செ.மீ. ஆழம் வரை நனைய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தோண்டிப் பார்த்துச் சரிபாருங்கள். பிறகு மேல் 5 செ.மீ. காயும் வரை மறுபடி ஊற்றாதீர்கள். 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மரப்பட்டை மூடாக்கு போடுங்கள். தண்டைச் சுற்றி 10 செ.மீ. வெறுமையாக இருக்கட்டும்.

### சுற்று மண் ஈரம், வேர்க்கட்டி மட்டும் உலர்ந்திருந்தால்

அதிகம் தவறவிடப்படும் காரணம் இதுதான். தொட்டிச் செடிகள் வளரும் கலவை பெரும்பாலும் பீட் என்னும் மட்கிய பாசியும் மரப்பட்டையும். ஒருமுறை முழுதாகக் காய்ந்தால் அது தண்ணீரை ஏற்காது. ஊற்றிய நீர் கட்டியின் ஓரமாக வழிந்து சுற்று மண்ணுக்குப் போய்விடும். மேலே ஈரம், உள்ளே தூசி.

கட்டியில் விரல் பருமன் குச்சியால் ஆறேழு துளைகள் போடுங்கள். வேரைக் குத்திக் கிழிக்காமல் மெதுவாக இறக்குங்கள். அதன் மேல் ஒழுக்குக் குழாயை இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. இதிலும் நனையாவிட்டால், செடி சிறியதாக இருக்கும் பட்சத்தில் எடுத்து, வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை கட்டியை அமிழ்த்தி மறுபடி நடலாம். அப்போது சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடங்களில் கத்தியால் கீறிவிடுங்கள். தொட்டி வடிவத்திலேயே சுருண்ட வேர் வெளியே போகாது. பிற்காலத்தில் தண்டையே நெரிக்கும்.

### மண் சொதசொதவென்று இருந்தால்

தண்ணீரை நிறுத்துங்கள். தானியங்கிப் பாசனம் புல்வெளிக்கு ஓடும் நேரமெல்லாம் இந்த மரத்துக்கும் ஓடுகிறதா என்று பாருங்கள். புல்லுக்கு வேண்டிய தண்ணீர் அட்லஸ் சீடருக்கு எமன்.

அடுத்து வடிகால் சோதனை. மரத்துக்குச் சற்றுத் தள்ளி 30 செ.மீ. ஆழக் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் சாதாரண நடவு நிற்காது. இளம் மரமானால், ஓய்வில் இருக்கும் பருவத்தில் பெயர்த்து, சுற்றுத் தரையைவிட 20, 30 செ.மீ. உயர்ந்த அகலமான மேட்டில் நடுங்கள். குழிக்குள் மணலையோ சரளையையோ கொட்டுவது உதவாது. களிமண்ணில் வெட்டிய குழி தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டியாகத்தான் ஆகும்.

ஆழமாக நட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். வேர் பிரியும் இடத்துக்கு மேல் 5 செ.மீ. வரை மண் இருந்தால் கையால் அகற்றிச் சரிவாக விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் இளம் மரத்தைத் தூக்கி நடுவதே மேல். வேர்க்கட்டியைச் சணல் சாக்கோடும் கம்பிக்கூடையோடும் நட்டிருந்தால், தண்டில் சுற்றிய கயிற்றையும் மேல்பாதிச் சாக்கையும் கம்பியையும் வெட்டி எடுங்கள்.

மர வல்லுநரைக் கூப்பிட வேண்டிய கட்டம்: அடித்தண்டில் பட்டையைச் சிறிது சீவும்போது உள்ளே வெள்ளைக்குப் பதில் செம்பழுப்புத் திட்டு இருந்து, அதன் விளிம்பு மேல்நோக்கி ஏறினால், அது ஃபைட்டோப்தோரா வேரழுகலாக இருக்கலாம். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் மருந்து வாங்காதீர்கள். தண்டைச் சுற்றிப் பாதிக்கு மேல் பரவியிருந்தால் எடுத்துவிடுவதுதான் முடிவு. அதே குழியில் ஊசியிலை மரம் வைக்க வேண்டாம்.

### ஈரம் சரி, புதுத்துளிர் மட்டும் மஞ்சள்

வெள்ளை பைனில் இது அடிக்கடி வரும். காரணம் காரத்தன்மை. மண்ணின் பி.எச். 7ஐத் தாண்டும்போது மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கட்டிடக் கழிவும் சிமெண்டுத் தூளும் புதைந்த வீட்டுச் சுவரோரம் இதற்குப் பேர்போனது. முதலில் பி.எச். சோதனை. காரம் உறுதியானால் அந்த மண்ணுக்கேற்ற வகை கீலேட் இரும்பை (வேர் எடுக்கும்படி பிணைத்த இரும்பு) மண்ணில் இடுங்கள். சில வாரங்களில் நிறம் திரும்பும், ஆனால் ஒரு பருவத்துக்குத்தான். கந்தகம் மண்ணை மாற்ற மாதக்கணக்காகும். சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் எதுவும் நிரந்தரமாக நிற்காது. அங்கே நீல அட்லஸ் சீடருக்கு மாறுவது மலிவு.

## ஒரு பக்கம் அல்லது நுனிகள் மட்டும் பழுப்பு

எந்தப் பக்கம் என்பதே பாதி விடை.

காற்று வரும் பக்கம் அல்லது குளிர்கால வெயில் படும் பக்கம்: குளிர் உலர்வு. தரை உறைந்திருக்கும்போது ஊசி நீரை இழக்கும், வேர் கொடுக்க முடியாது. குளிர் முடிந்து வெயில் ஏறும்போதுதான் பழுப்பு தெரியும். உடனே வெட்டாதீர்கள். மொட்டுகள் உயிரோடு இருந்தால் வசந்தத்தின் கடைசியில் துளிர் வந்து பழுப்பை மறைத்துவிடும். அதற்குப் பிறகும் மொட்டையாக நிற்கும் நுனிகளை மட்டும் வெட்டுங்கள். அடுத்த முறைக்கு, தரை உறையும் முன் ஒருமுறை ஆழமாக நனைத்துவிடுங்கள். காற்றுப் பக்கம் மரத்தைத் தொடாமல் அரை மீட்டர் தள்ளிச் சாக்குத் தட்டி நிறுத்துங்கள். மரத்தின் மேலேயே சாக்கைச் சுற்றினால் தொங்கும் கிளைகள் நசுங்கி, வசந்தத்தில் வடிவம் கெட்டு வரும்.

சாலைப் பக்கம்: பனி உருக்கத் தூவிய உப்பு. உப்பு கலந்த சாரல் எட்டும் உயரம் வரைதான் பழுப்பு இருக்கும், மேலே பச்சை. வசந்தத் தொடக்கத்தில் ஊசிகளைக் கழுவி, மண்ணையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி விடுங்கள். வெள்ளை பைன் உப்பைத் தாங்காது. அந்த இடத்தில் அதைத் தொடர்ந்து காப்பாற்றப் பார்ப்பது வீண்.

சுவர், ஜன்னல் பக்கம்: கண்ணாடியிலிருந்து திரும்பும் வெப்பம், அல்லது குளிரூட்டியின் வெளிக்காற்று. ஹெம்லாக் இதில் முதலில் போகும். அதற்கு அரை நிழலும் நீங்காத ஈரமும் வேண்டும்.

தரையைத் தொடும் கிளை நுனிகள், முழங்கால் உயரத்துக்குள்: நாயின் சிறுநீர். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் சிறு வேலியும் போதும்.

## ஒரே ஒரு கிளை செத்திருக்கிறது

செத்த பகுதியிலிருந்து தண்டை நோக்கி விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். பச்சையும் பழுப்பும் சேரும் இடத்தில்தான் குற்றவாளி இருக்கும்.

ரகச் சீட்டின் கம்பி என்பது சிரிப்பாகத் தோன்றும், ஆனால் அடிக்கடி கிடைப்பது அதுதான். கிளை பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். கட்டுக்கு நுனிப்பக்கம் புடைப்பும் தண்டுப்பக்கம் ஒடுக்கமும் இருந்தால் நெரிப்பு. கம்பியை வெட்டி எடுங்கள். பள்ளம் முழுச் சுற்றாக இல்லாவிட்டால் கிளை பிழைக்கும். வெளியே தெரிந்த முனை மட்டும் வருகிறது, மீதி பட்டைக்குள் மூழ்கிவிட்டது என்றால் தோண்டி எடுக்காதீர்கள்.

கட்டு இல்லையென்றால், கிளை பிரியும் கவட்டில் விரிசலைத் தேடுங்கள். பனிப்பாரம் கிழித்திருக்கும். பட்டை வட்டமாகக் கொறிக்கப்பட்டிருந்தால் எலி அல்லது முயல். மூடாக்கு தண்டை ஒட்டியிருப்பது அவற்றுக்கு வசதி. ஸ்ப்ரூஸ் கிளையில் வெள்ளை அல்லது நீலவெள்ளைப் பிசின் வழிந்து காய்ந்திருந்தால் சைட்டோஸ்போரா பட்டைப்புண். இதற்குத் தெளிப்பு மருந்து கிடையாது. வறண்ட நாளில், புண்ணுக்குக் கீழே, கிளை பிரியும் கணுவோடு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். புண் தண்டிலேயே இருந்தால் மர வல்லுநர் பார்க்க வேண்டும்.

## உயரவே இல்லை, தரையில் படர்கிறது

இது நோயல்ல. பல தொங்கு ரகங்களுக்குத் தானாக எழும் தலைக்குருத்து இல்லை. நார்வே ஸ்ப்ரூஸ் பெண்டுலா, அட்லஸ் சீடர் கிளாக்கா பெண்டுலா, வெள்ளை பைன் பெண்டுலா, தொங்கும் ஹெம்லாக் எல்லாம் நீங்கள் எந்த உயரம் வரை கட்டி ஏற்றுகிறீர்களோ ஏறத்தாழ அந்த உயரம்தான். நூட்கா சைப்ரஸும் வெள்ளை ஸ்ப்ரூஸின் தொங்கு ரகமும் தானே நேராக ஏறும். செர்பிய ஸ்ப்ரூஸும் பெரும்பாலும் அப்படித்தான், இளமையில் மட்டும் ஒரு கோல் இருந்தால் தண்டு நேராகும். ஜயண்ட் செக்வோயாவின் தொங்கு ரகம் எந்தக் கணக்குக்கும் அடங்காது. அது வளையும் பக்கமெல்லாம் போகட்டும் என்று இடம் விட முடிந்தால் மட்டும் வையுங்கள்.

### கட்டி ஏற்றும் முறை

மூங்கில் இரண்டு மூன்று வருடத்தில் மண்மட்டத்தில் உளுத்துப்போகும். 20 முதல் 25 மி.மீ. கால்வனைஸ் குழாய் போதும். எட்ட வேண்டிய உயரத்தோடு மண்ணுக்குள் இறங்க 60 செ.மீ. சேர்த்து நீளம் எடுங்கள். வேர்க்கட்டிக்கு வெளியே, தண்டுக்கு இணையாக அடியுங்கள்.

வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் தொடக்கத்திலும் புதுத்தண்டு வளையும். அப்போதுதான் கட்ட வேண்டும். முற்றிய பிறகு வளைத்தால் ஒடியும். பென்சிலைவிடப் பருத்த தண்டை ஒரே இழுப்பில் நிமிர்த்தாதீர்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சில செ.மீ. வீதம் குழாயை நோக்கி இழுத்துக் கட்டுங்கள். தண்டுக்கும் குழாய்க்கும் இடையே குறுக்கே ஒரு சுற்று வரும்படி எட்டு வடிவக் கட்டு போடுங்கள். அகலமான மென்துணி நாடா அல்லது ரப்பர் நாடா வேண்டும். கம்பி கூடவே கூடாது, நைலான் கயிறும் கூடாது. 30 செ.மீ.க்கு ஒரு கட்டு. ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டுங்கள்.

கோலை எப்போது எடுப்பது? மூன்றாம் வருடத்திலிருந்து, காற்றில்லாத நாளில் கட்டுகளை அவிழ்த்துப் பாருங்கள். தண்டு இருந்த இடத்திலேயே நின்றால் கோல் வேண்டாம். நீல அட்லஸ் சீடரைப் பந்தல் போலப் பக்கவாட்டில் நீட்டி வளர்ப்பவர்கள், நீண்ட கைக்கு அடியில் நிரந்தர முட்டு வைத்தாக வேண்டும்.

### தலைக்குருத்து ஒடிந்துவிட்டால்

ஒடிவுக்கு அடுத்துக் கீழே இருக்கும் வலுவான பக்கக் கிளையைக் கோலோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டுங்கள். போட்டியாக எழும் மற்ற கிளைகளை நுனியில் பாதியாகக் குறையுங்கள். முழுதாக வெட்டிவிட வேண்டாம், அவைதான் இப்போது உணவு கொடுப்பவை. வளைவு ஓரிரு வருடத்தில் மறையும்.

### தலைக்குருத்து தானே கருகினால்

வசந்தம் முடியும் நேரத்தில் வெள்ளை பைன், நார்வே ஸ்ப்ரூஸ் ஆகியவற்றின் உச்சித் தளிர் கைத்தடியின் பிடி போல வளைந்து கருகினால், வெள்ளை பைன் கூன்வண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வட அமெரிக்கப் பூச்சி இது. மற்ற மரங்களில் இந்த வளைவு தூரத்திலேயே தெரியும். தொங்கும் மரத்தில் தெரியாது, எனவே நிறத்தைப் பாருங்கள். போன வருடத் தண்டில் குண்டூசித் துளையும் பிசின் துளியும் இருக்கும். உள்ளே வெள்ளைப் புழுக்கள் கீழ்நோக்கித் தின்றுகொண்டு வரும். கோடை நடுவுக்குள், வெட்டுமுகத்தில் சுரங்கம் தெரியாத சுத்தமான கட்டை வரும் வரை கீழே வெட்டி, வெட்டியதை அழித்துவிடுங்கள். மரத்தடியில் போட்டுவைத்தால் வண்டாகி வெளியே வரும். பிறகு புதுத் தலைக்குருத்து கட்டும் வேலைதான்.

## நேராக நிமிர்ந்த, நிறம் மாறிய கிளைகள் வருகின்றன

தொங்கு ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுக்கட்டியவை. அட்லஸ் சீடருக்கு அடியில் இருப்பது பல நேரம் தேவதாரு வேர்ச்செடி. ஒட்டுக்குக் கீழே எழும் துளிர் வேர்ச்செடியுடையது. விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் மேலே உள்ள ரகத்தைப் பட்டினி போட்டுவிடும். மண்ணை விலக்கி, புறப்படும் இடத்திலேயே ஒட்ட வெட்டுங்கள். மேல்முனையில் ஒட்டிய குடை வடிவ மரங்களில் தண்டு முழுவதுமே வேர்ச்செடி என்பதால் தண்டில் எங்கே துளிர்த்தாலும் கிள்ளிவிட வேண்டும்.

ஒட்டுக்கு மேலிருந்து நிமிர்ந்த கிளை வந்தால் அது ரகம் பழைய குணத்துக்குத் திரும்புவது. அதையும் அடியோடு எடுங்கள்.

ஒட்டுக்கு மேலே எல்லாம் காய்ந்து கீழே மட்டும் செழிப்பாக இருந்தால், உங்களிடம் மிச்சமிருப்பது தொங்காத சாதாரண மரம். வைத்துக்கொள்வதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

## கீழ்க் கிளைகளில் தொடங்கி மேலே ஏறும் பழுப்பு

ஸ்ப்ரூஸில் மட்டும், கீழ்க்கிளைகளில், முந்தின வருட ஊசிகள் ஊதா கலந்த பழுப்பாகி உதிர்ந்து, நுனியில் இந்த வருட ஊசி மட்டும் பச்சையாக நின்றால், ரைசோஸ்பேரா ஊசி உதிர்வு நோய். கைலென்ஸால் ஊசியின் அடிப்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய சுவாசத் துளைகளின் வரிசையில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். நீல ஸ்ப்ரூஸ் தொங்கு ரகங்கள் இதற்கு எளிதில் ஆட்படும், வெள்ளை ஸ்ப்ரூஸ் நடுத்தரம், நார்வே ஸ்ப்ரூஸ் பெரும்பாலும் தாங்கும்.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். தெளிப்பு நீர் ஊசியில் படாமல் திருப்புவது, உள்ளே செத்த குச்சிகளைக் களைவது, தரையைத் தொடும் பாவாடைக் கிளைகளை ஒரு சாண் உயர்த்திக் கத்தரிப்பது. அதற்கும் அடங்காவிட்டால் தாமிரமோ குளோரோதலோனில் என்ற மருந்தோ உள்ள பூஞ்சணக்கொல்லி, உங்கள் பகுதியில் ஊசியிலை மரத்துக்கு அனுமதி உள்ளதாக இருக்கட்டும். புது ஊசி பாதி நீளம் வந்ததும் ஒருமுறை, மூன்று நான்கு வாரத்தில் மறுமுறை. இரண்டு வருடமாவது தொடர வேண்டும். ஊசி பழுத்த பிறகு அடிப்பது காசுக்குக் கேடு, அந்த ஊசி திரும்பாது.

## ஊசிகளில் நுண்புள்ளி, வெண்கல நிறம், மெல்லிய வலை

வெள்ளைத் தாளை ஒரு கிளைக்கு அடியில் பிடித்து, கிளையைப் பலமாகத் தட்டுங்கள். மிளகுத் தூள் விழுந்தது போலிருப்பது நகர்ந்தால் சிலந்திப்பேன். விறுவிறுவென ஓடுபவை பெரும்பாலும் பேனைத் தின்னும் நல்ல பேன்கள். மெதுவாக ஊர்பவை தீயவை. ஒரு தட்டுக்கு 10க்கு மேல் ஊர்ந்தால் நடவடிக்கை வேண்டும்.

ஸ்ப்ரூஸ் சிலந்திப்பேன் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் பெருகும். கடும் கோடையில் அடங்கிவிடும். சேதம் கண்ணில் படுவது கோடையில், அப்போது மருந்தடிப்பது ஆளில்லா வீட்டைத் தாக்குவதுதான். எனவே மருந்துக்கு முன் தாள் சோதனை கட்டாயம்.

முதலில் வேகமான தண்ணீர்ப் பீய்ச்சல், உள்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும், நான்கைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. அடங்காவிட்டால் பூச்சி சோப்பு. தோட்ட எண்ணெயும் நன்றாக வேலை செய்யும், ஆனால் நீல ரகங்களில் அடிக்காதீர்கள். ஊசி மேலுள்ள மெழுகுப் பூச்சுதான் அந்த நீலம், எண்ணெய் அதைக் கரைத்துவிடும். அடுத்த வருடத் துளிர் வரும் வரை மரம் பச்சையாகத்தான் நிற்கும். 32 டிகிரி செல்சியஸுக்கு மேலும் எண்ணெய் கூடாது. பொதுவான பூச்சிக்கொல்லிகளை, குறிப்பாக கார்பரிலைத் தெளித்தால் நல்ல பேன்கள் செத்து, தீயவை முன்னைவிடப் பெருகும்.

## ஊசிகளோடு ஒட்டியிருக்கும் விசித்திரங்கள்

ஹெம்லாக் ஊசி அடியில் வெள்ளைப் பஞ்சு: பஞ்சு அடெல்ஜிட் என்ற சாறுறிஞ்சும் பூச்சி. சிறு மரத்துக்கு ஓய்வுக் காலத்தில் எண்ணெயும், வளரும் பருவத்தில் சோப்பும் போதும். தெளிப்பு எட்டாத உயரமானால் மண்வழி அல்லது தண்டுவழி மருந்து, அதை உரிமம் பெற்றவரிடம் விடுங்கள்.

ஊசித் துண்டுகள் ஒட்டிய சிறு பை, காய் போலத் தொங்குவது: பைப்புழு. குளிர்காலத்திலேயே கத்தரியால் நறுக்கி எடுத்து அழியுங்கள். பட்டு நூல் கிளையை இறுக்கும் என்பதால் நூலையும் வெட்டுங்கள். தவறவிட்டால், குஞ்சுகள் வெளிவரும் கோடைத் தொடக்கத்தில் பி.டி. நுண்ணுயிர் மருந்து. பெரிய புழுவிடம் அது எடுபடாது.

ஸ்ப்ரூஸ் நுனியில் அன்னாசி வடிவப் புடைப்பு: பச்சையாக இருக்கும்போதே கிள்ளி எறியுங்கள். பழுப்பாகி வெடித்தது வெறும் கூடு.

## ஆடுகிறது, சாய்கிறது, பனியில் விரிந்துவிட்டது

தண்டைப் பிடித்து ஆட்டும்போது மண்மட்டத்தில் மண்ணும் சேர்ந்து அசைந்தால் வேர் பிடிக்கவில்லை. வேர் பிரியும் இடத்தைத் திறந்து, தண்டைச் சுற்றும் வேர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டின் கால்பகுதிக்குக் குறைவாக அழுத்தும் பென்சில் பருமன் வேரை வெட்டலாம். அதற்கு மேல் ஆளைக் கூப்பிடுங்கள். காற்றுக்குப் பிறகு ஒரு பக்கம் மண் மேலெழும்பி விரிசல் விட்டிருந்தால், மரம் ஆள் உயரத்தைத் தாண்டியதானால், யாரையும் கீழே நிற்க விடாமல் அன்றே கூப்பிடுங்கள்.

பனியைத் துடைப்பத்தால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். பனிக்கட்டி உறைந்து ஒட்டியிருந்தால் தொடவே வேண்டாம், தானே உருகட்டும்.

## உள்ளே மொட்டை, வெளியே இடம் போதவில்லை

தொங்கும் கிளைகள் திரை போல மூடி, உள்ளே வெளிச்சம் புகாது. உள்பக்கம் காய்வது இயல்பு. தவறு நடப்பது அடுத்த கட்டத்தில், வழியை மறைக்கிறது என்று பச்சையில்லாத பழைய கட்டை வரை வெட்டும்போது. ஸ்ப்ரூஸ், பைன், சீடர், சைப்ரஸ் அந்த மொட்டைக் கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பது அரிது. வெட்டிய ஓட்டை நிரந்தரம்.

எப்போதும் பச்சை உள்ள இடத்துக்குள், இன்னொரு சிறு கிளை பிரியும் கணுவுக்கு மேல் வெட்டுங்கள். பைனில் வசந்தக் குருத்துகள் மெழுகுவத்தி போல நீண்டு, ஊசி விரியும் முன் பாதியாகக் கையால் கிள்ளுங்கள். கத்தரி பட்டால் மிச்ச ஊசிகளின் நுனி பழுக்கும். நடைபாதையை அடைக்கும் முழுக் கிளையை எடுப்பதானால், முதலில் கயிற்றால் பக்கத்தில் இழுத்துக் கட்டி, தூரத்திலிருந்து வடிவத்தைப் பார்த்து ஒரு நாள் விட்டுப் பிறகு வெட்டுங்கள். ஏணி வைத்து எட்ட வேண்டிய உயரமோ, கைமுழங்கையைவிடப் பருத்த கிளையோ என்றால் மர வல்லுநரின் வேலை.

## ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதானால்

முற்றிலும் செத்த கிளையில் எதுவும் கிடைக்காது. பச்சையும் பழுப்பும் சேரும் விளிம்பு உள்ள 20 முதல் 30 செ.மீ. கிளை இரண்டு மூன்று, உலர்ந்த தாளில் சுற்றி. வேர்ச் சந்தேகமானால் விரல் நுனி அளவு மெல்லிய வேர்களோடு ஒரு கைப்பிடி மண், தனிப் பையில், ஈரம் சேர்க்காமல். மரத்தின் முழுப் படம், அடித்தண்டின் படம், நட்ட வருடம், எந்தப் பக்கம் தொடங்கியது, கடந்த ஒரு வருடத்தில் அடித்த களைக்கொல்லி உட்பட எல்லா மருந்தின் பெயரும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்துப் புல்வெளிக்கு அடித்ததையும் மறைக்காதீர்கள். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்துகள் சில, மரத்தின் வேர் வழியே ஏறி, துளிர் நுனிகளை முறுக்கிப் பழுப்பாக்கும். அதைப் பூஞ்சண நோயாக நினைத்துத் தேடினால் வாரங்கள் வீணாகும்.